மலக்குழி மூடியில் புதுச் சீமெந்து

"பிணம் இல்லாமல் கொலை வழக்குப் போடலாமோ, மிஸ்?" என்று கேட்டான் கொன்ஸ்ரன்ரைன்.

"பிடிபட்டவன் ஏழையெண்டால் பிணம் தேவையில்லை," என்றேன்.

எங்கள் பழைய ஏ-நாற்பது கார் பெரிய வீதியை விட்டு, முரசுமோட்டை வாய்க்கால் கரையில் இறங்கி ஆடியது. கொன்ஸ்ரன்ரைன் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரன். என் சாரதி, உதவியாளன், ஓயாத வாய். நான் அருந்ததி. பளையில் கல்லும் சாந்தும் சுமந்த மேசன் ஒருவரின் மகள். எங்கள் சந்ததியில் முதல் பட்டதாரி. பட்டத்தோடு வந்து நின்றபோது அரசாங்கம் சிங்களம் படித்துக்கொண்டு வா என்றது. சொந்தக்காரர் தாலி கட்டிக்கொண்டு வா என்றார்கள். இரண்டு பேரையும் காக்க வைத்துவிட்டுத் துப்பறிய வந்துவிட்டேன்.

பின் இருக்கையில் இரஞ்சிதம் இருந்தாள். அழுது முடித்த முகம். சேலைத் தலைப்பைப் பற்களுக்கிடையில் இறுக்கிக் கடித்திருந்தாள். அவளுடைய புருசன் ஏரம்பு, சந்திப் பொலிஸ் நிலையத்துக் கூட்டுக்குள் கிடந்தான். யோகலிங்கம் என்ற இளைஞனை வெட்டிக் கொன்றதாகக் குற்றச்சாட்டு.

கதை சுருக்கமானது. போன கிழமை, சிறுபோக வயலுக்குத் தண்ணீர் விடும் முறையில் இருவருக்கும் வரம்பில் வாய்த்தர்க்கம். "உன்னை வெட்டி இந்த வாய்க்காலுக்குள்ளையே தாப்பன்" என்று ஏரம்பு மண்வெட்டியோடு கத்தியதை அரைவாசிக் கிராமம் கேட்டது. அன்று பொழுதுபட யோகலிங்கம் காணாமல் போனான். மறுநாள் ஏரம்புவின் வயலோரம், வாய்க்கால் நாணலில், யோகலிங்கத்தின் துவாய் இரத்தத்தோடு சிக்கிக் கிடந்தது. பொலிசுக்கு அது போதும்.

"மத்தியானம் ஜீப் வெளிக்கிட்டிடும், தங்கச்சி," என்றாள் இரஞ்சிதம். "வவுனியாக் கோட்டுக்குக் கொண்டுபோனால் பிறகு நான் அவரை எங்கை போய்த் தேடுறது? அங்கை எனக்கு ஆரைத் தெரியும்?"

இரண்டு ஆண்டுகள் மெய்யியல் படித்திருந்தேன். அதில் இதற்கு ஓர் ஆறுதல் இருக்கவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நுனி. யோகலிங்கத்தைக் கடைசியாகக் கண்டவள் தேத்தண்ணீர்க் கடை நாகேஸ்வரி.

கடைக்குள் நுழைந்ததும் நாகேஸ்வரி கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்துக் கும்பிட்டாள். "துப்பறியிற ஐயா நீங்கள்தானோ?"

"நான் வெத்திலை துப்புற ஆள், அக்கா. அறியிறது அவா."

நாகேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. பழகிப்போன பார்வை அது.

"யோகலிங்கம் அண்டைக்குப் பின்னேரம் இஞ்ச என்ன வாங்கினவர்?" என்று கேட்டேன்.

"கற்பூரம். ஒரு போத்தில் தேங்காயெண்ணெய். கோயிலுக்காக்கும் எண்டு நினைச்சன்."

"தேங்காய் வாங்கினவரோ?"

"இல்லை."

"வெத்திலை, பாக்கு, பழம்?"

"இல்லைப் பிள்ளை."

"நெருப்புப்பெட்டி?"

"அதுவும் இல்லை." நாகேஸ்வரியின் கை கேத்திலில் நின்றது. "நெருப்பில்லாமல் கற்பூரத்தை என்னெண்டு கொளுத்துறது?"

"என்ன உடுத்திருந்தவர்?"

"கிழிஞ்ச சாரம். கலியாணம் பேசின பொடியன், இப்பிடி உடுத்துக்கொண்டு மாமன் வீட்டுப் பக்கம் போறானே எண்டு நானே யோசிச்சனான்."

"மாமன் ஆர்?"

"ஓவசியர் தில்லைநாதன். அவற்றை மகளைத்தான் இவனுக்குப் பேசி வைச்சிருக்கினம்."

"இதைப் பொலிசுக்குச் சொன்னீங்களோ?"

"அவங்கள் கேக்கேல்லை. கேட்டாலும் என்ன? ஓவசியர் வீட்டிலை அம்மாள் வந்திருக்கு, அம்மை வருத்தம். படலையிலை வேப்பிலை. ஒருத்தரும் அந்த வாசல் மிதிக்கேலாது. பொலிசும் தெருவிலை நிண்டு கும்பிட்டுப்போட்டுத்தான் போனது."

"வேப்பிலை எப்ப கட்டினது?"

அவள் யோசித்தாள். "அவன் காணாமல் போன அடுத்தநாள் விடிய."

கொன்ஸ்ரன்ரைன் பெருமூச்சு விட்டான். "பாருங்கோ மிஸ், அம்மாளும் பொலிசும் ஒரே நாளிலை வெளிக்கிட்டிருக்கினம். அம்மாள்தான் கொஞ்சம் முந்தினவா."

காரில் ஏறியதும் அவனே கேட்டான்: "கற்பூரமும் எண்ணெயும் என்னத்துக்கு?"

"எண்ணெய் உடம்பிலை பூச. ஊத்தை ஒட்டாமல் கழுவலாம். கற்பூரம் துணியிலை முடிஞ்சு மூக்கிலை கட்ட. கிழிஞ்ச சாரம் பிறகு எறிஞ்சுபோட."

"அப்பிடி என்ன வேலை?"

"மணக்கிற இடத்துக்குப் போவம், தெரியும்."

மணம் எங்களைத் தேடியே வந்தது. ஓவசியர் வளவின் பின்வேலியோடு போகும் ஒழுங்கையில் காரை நிறுத்தியபோது கொன்ஸ்ரன்ரைன் சட்டைக் கழுத்தை மூக்குவரை இழுத்தான்.

"செத்த திருக்கையைச் சித்திரை வெயிலிலை விட்டாலும் இப்பிடி மணக்காது. என்ன மிஸ் இது?"

அந்தக் கிராமத்திலேயே தண்ணீர் ஊற்றும் கக்கூசும் சீமெந்துத் தொட்டியும் உள்ள வீடு அது ஒன்றுதான். வேலிக்கடியால் கறுப்புத் தண்ணீர் கசிந்து ஒழுங்கையோர வடிகானில் தேங்கி நின்றது. நான் கானுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"மூக்கை விட்டுப்போட்டு இஞ்ச வாரும். பீ மணத்தை விடும். அதுக்குப் பின்னாலை என்ன மணக்குது?"

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தான். கடலில் காற்று மாறுவதை மணந்து சொல்பவன் அவன். மெல்ல நிமிர்ந்தான். "ஆசுபத்திரி."

"ஓம். காயம் கழுவுற மருந்து. வாளி வாளியாய் கக்கூசுக்குள்ள ஊத்தியிருக்கினம். அதாலைதான் தொட்டி செத்துப்போச்சு."

"தொட்டி சாகுமோ?"

"தொட்டிக்கும் உயிர் இருக்கு. உள்ளுக்கை இருக்கிற கிருமியள்தான் எல்லாத்தையும் திண்டு கரைக்கிறது. கரைஞ்ச தண்ணி பக்கத்து ஊறல் குழிக்குப் போகும், மண் குடிக்கும். மருந்து ஊத்தினால் கிருமி செத்திடும். திண்ண ஆளில்லாட்டி நாறும்."

"பட்டதாரி ஆராய்ச்சி எண்டால் இதுதான். அது சரி, இது வழியுதே?"

"மண்ணைப் பாரும். வயல் களி. ஓவசியர் யாழ்ப்பாணத்து மேசனைக் கூட்டிவந்து யாழ்ப்பாணத்து அளவிலை ஊறல் குழி வெட்டியிருக்கிறார். அங்கை நிலம் குடிக்கும். இந்தக் களி குடிக்காது. வயலுக்குத் தண்ணி விட்டவுடனை குழியும் நிரம்பும், தொட்டியும் நிரம்பும். ஒவ்வொரு போகத்துக்கும் ஆரோ ஒருத்தர் இறங்கி அள்ளவேணும்."

கொன்ஸ்ரன்ரைன் கற்பூரத்தை நினைத்தான். முகம் மாறியது.

"இன்னொண்டு," என்றேன். "அம்மாள் வந்த வீட்டிலை என்னென்ன செய்யமாட்டினம்?"

"நான் வேதக்காரன். என்னைக் கேக்கிறியளே."

பதில் காருக்குள்ளிருந்து வந்தது. "தலைக்கு வாக்கும் மட்டும் முழுகமாட்டினம்," என்றாள் இரஞ்சிதம். "உடுப்புத் தோய்க்கமாட்டினம். இங்கிலிஸ் மருந்து வாசலுக்கும் வராது. அம்மாள் கோவிப்பா."

"இஞ்ச பாருங்கோ அக்கா. சவர்க்கார நுரையும் மருந்தும் கானிலை ஓடுது."

நான் வேலி ஓலையை விலக்கிப் பார்த்தேன். தொட்டியின் கொங்கிறீற் மூடியில் ஒரு பக்கம் பழைய கறுப்பு. மறுபக்கம் வெளிறிய புதுச் சீமெந்து. காயாதிருக்க அதன்மேல் ஈரச் சாக்கு. மேசன் கரண்டியால் இழுத்து முடிப்பான். இதில் ஐந்து விரலும் பதிந்த தடம். கையால் அள்ளி அப்பியிருந்தார்கள். மேசனைக் கூப்பிடப் பயந்தவனின் வேலை.

அதைச் சத்தமாகச் சொன்னது என் பிழை. இரஞ்சிதம் காரைவிட்டு இறங்கிவிட்டாள்.

"அதுக்குள்ளையோ கிடக்கிறான்?"

"அக்கா, பொறுங்கோ..."

"அதுக்குள்ள கிடந்தால் என்ர மனிசன் செய்யேல்லை எண்டு தெரியும்தானே? தெரியும்தானே தங்கச்சி?"

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். மருமகனை மாமன் ஏதோ செய்து குழிக்குள் தள்ளிச் சீமெந்து பூசிவிட்டான். வேப்பிலையைக் கட்டி ஊரைத் தூரத்தில் நிறுத்திவிட்டான்.

முன்படலைக்கு ஓடினோம். ஓவசியர் தில்லைநாதன் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. என்னைத் தாண்டிக் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார்.

"தம்பி, வேப்பிலை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"தெரியுது ஐயா. உங்களோடை கதைக்கிற ஆள் அங்காலை நிக்கிறா. அவாவை உங்களுக்குத் தெரியேல்லைப் போலை."

"ஆருக்கு அம்மாள்?" என்று கேட்டேன்.

"மகளுக்கு. போ பிள்ளை, போ. பெண்பிள்ளையள் வாற இடமில்லை இது."

"அம்மாளுக்கு எப்ப தொடக்கம் ஆசுபத்திரி மருந்து போடுறவை? யோகலிங்கம் கற்பூரத்தோடை உங்கட வளவுக்கு வந்தவன். உங்கட கக்கூஸ் குழி மூடியிலை உங்கட விரல் அடையாளம் கிடக்கு. எங்கை அவன்?"

அவர் படலையைச் சாத்தக் கை நீட்டினார். அதற்குள் இரஞ்சிதம் வேப்பிலையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கிணற்றடியில் சாத்தியிருந்த கனத்த இரும்பு அலவாங்கைத் தூக்கினாள். வயல் வேலை செய்த கை. சாக்கை உதைத்துத் தள்ளிவிட்டுப் புதுச் சீமெந்தில் ஓங்கிப் போட்டாள். ஒரு போடு. இன்னொரு போடு. நான் தடுக்கவில்லை. மூன்றாவதில் மூடி உடைந்து பாதி உள்ளே விழுந்தது.

"தள்ளி நில்லுங்கோ! காற்று மோசம்!" என்று அவளைத் தோளில் பிடித்து இழுத்தேன். ஆவி அடங்கியதும் கொன்ஸ்ரன்ரைன் வாயைப் பொத்திக்கொண்டு நீண்ட கம்பை விட்டுக் கிண்டினான். மூலைமூலையாகத் துழாவினான். ஒரு வாளி வந்தது. கயிறு வந்தது. வேறெதுவும் வரவில்லை.

"ஒண்டும் இல்லை, மிஸ்," என்றான். பகிடி எதுவும் சொல்லவில்லை.

இரஞ்சிதம் அலவாங்கோடு நிலத்தில் இருந்தாள். பாதையை மட்டும் பார்த்தாள், ஜீப் போகப்போகிற பாதையை. உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் நம்பிக்கையை என் கெட்டித்தனத்தால் நான்தான் பீக்குழிவரை கொண்டுவந்து போட்டேன். இனி என்ன? பூசிய சீமெந்துக்கு ஒரு கதை சொல்வார் ஓவசியர். பொலிஸ் அதை ஏற்கும். மணி மத்தியானத்தை நெருங்கியது.

"கண்டியளோ?" என்றார் தில்லைநாதன். "கண்டியளோ இப்ப?"

குரலில் வெற்றி இருக்க வேண்டும். இல்லை. அவர் குழியையும் பார்க்கவில்லை. கண் வீட்டின் பின்னறை யன்னலுக்குப் போய்ப் போய் வந்தது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அவ்வளவு மணந்தும் நான் மணக்காத ஒன்று. பிணத்தை யார் மருந்து போட்டுக் கழுவுவார்கள்?

"கொன்ஸ்ரன்ரைன், உள்ளுக்கை வாரும்! அவன் உயிரோடை இருக்கிறான்!"

பின்னறை வாசலில் ஓவசியரின் மனைவி கமலாசனி நின்றா. கையில் ஈரத்துணி. வழியை மறிக்கத்தான் நின்றா. என் முகத்தைப் பார்த்ததும் விலகினா. பல நாள் நித்திரை இல்லாத கண்.

நெல்மூட்டைகளுக்கு நடுவே பாயில் யோகலிங்கம் கிடந்தான். வலது கால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை துணி. அவன் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா... வெளியிலை... சொல்லாதேங்கோ."

பல்லைத் திறக்காமல் சொன்னான்.

"ரவுணிலை அந்த வேலைக்கு ஆக்கள் இருக்கினம்," என்றா கமலாசனி. "வாறம் எண்டு சொன்னவை. குழிக்குப் போறதெண்டால் எங்கட கிணத்தடியாலை போகவேணும். அவையைக் கிணத்தடியாலை விடமாட்டன் எண்டிட்டார் இவர். இவனைக் கூப்பிட்டு, ஒருத்தருக்கும் தெரியாமல் இறங்கி அள்ளு, நீ எங்கட ஆள்தானே எண்டார். மூடி இடிஞ்சு கம்பி காலைக் கிழிச்சுப்போட்டுது. கழுவ வாய்க்காலுக்குப் போனவன், துவாயை அங்கை விட்டிட்டு இரத்தம் ஒழுக இஞ்ச வந்தான். மகளுக்கு அம்மாள் எண்டு வேப்பிலை கட்டினது இவனை மறைக்கத்தான்."

"ஏரம்புவைப் பிடிச்சது தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள்."

தில்லைநாதன் வாசலில் வந்து நின்றார். "காயம் ஆறினதும் எங்கையோ போயிருந்தவன் எண்டு சொல்லி வெளியிலை விடுவம் எண்டு இருந்தனான். இதைச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்? பீ அள்ளின மாப்பிள்ளை எண்டு சொல்லும். பிறகு ஆர் எங்கட வீட்டிலை பந்தியிலை இருப்பினம்?"

"ஒருத்தன் தூக்கிலை தொங்கினால் இருப்பினமோ? பாயசத்தோடையோ, பாயசம் இல்லாமலோ?"

அவர் தலை குனிந்தது. எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

"யோகலிங்கம், வாயைத் திறவும் பார்ப்பம்."

திறக்க முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இழுபட்டது. அது சிரிப்பில்லை.

"விடியத் தொடக்கம் கஞ்சி இறங்குதில்லை," என்றா கமலாசனி. "நானும் மருந்தாலை கழுவிக் கழுவிப் பார்க்கிறன்..."

"ஏற்பு, புண்ணாலை நஞ்சு ஏறி வாய் பூட்டுது," என்றேன். "கொன்ஸ்ரன்ரைன், தூக்கும்!"

தில்லைநாதன் வரவில்லை. படலைவரை வந்து நின்றுவிட்டார். கமலாசனி செருப்பும் இல்லாமல் காரில் ஏறி யோகலிங்கத்தின் தலையை மடியில் வைத்தா. இரஞ்சிதம் காலைப் பிடித்துக்கொண்டாள். தன் புருசனைக் கூட்டில் போட்டவனின் காலை, ஒவ்வொரு பள்ளத்திலும் அடிபடாமல் ஏந்திக்கொண்டாள்.

"கொஞ்சம் கெதியா!" என்றேன்.

"கட்டுமரத்துக்குச் சில்லுப் பூட்டினால் இவ்வளவுதான் ஓடும், மிஸ்," என்றான். சில்லு புழுதியில் வழுக்கியது.

சந்திப் பொலிஸ் நிலையத்தின் முன்னால் சனம். கொலைகாரனைப் பார்க்க வந்த சனம். ஏரம்பு கைவிலங்கோடு ஜீப்பின் பின்பக்கம் இருந்தான். ஜீப்பின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கொன்ஸ்ரன்ரைன் காரை அதன் மூக்குக்குக் குறுக்கே கொண்டுபோய் விட்டான்.

நான் குதித்தேன். "இன்ஸ்பெக்டர்! யோகலிங்கம் உயிரோடை இருக்கிறான். காருக்குள்ள பாருங்கோ. ஏரம்புவை விடுங்கோ, நாங்கள் ஆசுபத்திரிக்குப் போகவேணும்!"

இன்ஸ்பெக்டர் யன்னலால் தலையை விட்டுப் பார்த்தார். கால் துணியை விலக்கினார். கிழிந்த சதை.

"வெட்டுக்காயம்," என்றார். "அப்ப கொலை இல்லை. கொலை முயற்சி."

"வெட்டில்லை! மூடி இடிஞ்சு கம்பி கிழிச்சது!"

"நீர் கண்டீரோ?"

"இல்லை. ஆனால்..."

"பட்டம் படிச்சனீர் எண்டு கேள்வி. காணாததுக்குச் சாட்சி சொல்லேலாது எண்டு அங்கை படிப்பிக்கேல்லையோ? அவன் சொல்லட்டும். தம்பி, ஆர் வெட்டினது?"

யோகலிங்கத்தின் தாடை பூட்டிவிட்டது. கண் மட்டும் அலைந்தது. தொண்டைக்குள் ஏதோ சத்தம். உடம்பு வில்லாக வளைந்து விழுந்தது. இரஞ்சிதம் அந்தக் காலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லடா ராசா, ஒரு வார்த்தை சொல்லடா," என்று கெஞ்சினாள்.

"ஜீப்பை எடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

மற்றக் கதவு திறந்தது. கமலாசனி இறங்கினா. சேலை முழுக்கப் புண்ணின் ஈரம். சந்தியில் நின்ற அத்தனை பேரும் அவவை அறிந்தவர்கள். ஓவசியர் பெண்சாதி, கோயிலில் முதல் வரிசையில் நிற்கிறவா. தெருவில் அவ குரல் உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை.

"ஒருத்தரும் வெட்டேல்லை!" என்று கத்தினா. "எங்கட கக்கூஸ் குழிக்குள்ள இறங்கினவன்! நாங்கள்தான் இறக்கினது! எங்கட பீயை அள்ளேக்கை மூடி இடிஞ்சு கிழிஞ்ச கால் அது! நான் கண்டனான், நான்தான் கழுவினனான், எழுதுங்கோ! என்ர பேரைப் போட்டு எழுதுங்கோ! அந்த ஏரம்பு இவனைத் தொடவே இல்லை!"

சனம் பின்வாங்கியது. கொலைகாரனைப் பார்க்க நெருக்கியடித்த அதே சனம் காரைச் சுற்றி வட்டமாக இடம் விட்டது. ஒரு பெண் தன் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். காரின் யன்னலில் வைத்திருந்த கையை இன்ஸ்பெக்டர் எடுத்தார், காற்சட்டையில் துடைத்தார். பிறகு ஜீப்பைப் பார்க்காமலே, "அவனை இறக்கு," என்றார்.

இரஞ்சிதம் ஓடினாள். விலங்கு கழற்றும் வரைகூடப் பொறுக்கவில்லை. ஏரம்புவின் இரண்டு மணிக்கட்டுகளையும் இரும்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கமலாசனி அந்த வட்டத்துக்கு நடுவே ஒரு கணம் தனியாக நின்றா. ஒருவரும் கிட்ட வரவில்லை. அவவும் ஒருவரையும் பார்க்கவில்லை. காருக்குள் ஏறி, அவனுடைய தலையைத் திரும்பவும் தூக்கி மடியில் வைத்து, நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை விலக்கினா.

"எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது, ராசா," என்றா. "இனி நீ சாகத் தேவையில்லை."

பிறகு கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தா. "எடு தம்பி காரை."